பேயே இல்லாத திகில்: ‘தி மிட்விச் குக்கூஸ்’

மயிலாப்பூர் லஸ் பக்கம் பிளாட்பாரத்தில் பழைய புத்தகக் குவியலைக் கிளறியபோது கிடைத்தது. 80 ரூபாய் சொன்னார், 60க்கு முடிந்தது. ஜான் விண்டம் 1957ல் எழுதிய நாவல். அட்டை வீடு வருவதற்குள் கையோடு வந்துவிட்டது, சரி, பக்கமெல்லாம் இருக்கிறதே.

மிட்விச் என்பது இங்கிலாந்தில் ஒரு கற்பனைக் கிராமம். சர்ச், பப், புல்வெளி, எதுவுமே நடக்காத ஊர். ஒரு செப்டம்பர் 26 இரவு ஊரே மயங்கித் தூங்கிவிடுகிறது, வெளியிலிருந்து எல்லைக்குள் கால் வைப்பவனும் அங்கேயே விழுகிறான். பிறகு எழுந்துவிடுகிறார்கள். அப்புறம் கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிகிறது, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்கள் கிட்டத்தட்ட அத்தனை பேரும் கர்ப்பம்.

தலைப்பை நமக்கு யாரும் விளக்க வேண்டாம், காக்கைக் கூட்டில் குயில் முட்டை வைக்கும் விஷயம்தான். ஆனால் நம்மூர்க் குயில் குஞ்சு பெரும்பாலும் காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும். இங்கிலாந்துக் குக்கூ குஞ்சு கண் திறக்கும் முன்பே கூட்டிலிருக்கும் மற்ற முட்டைகளை முதுகால் நெம்பி வெளியே தள்ளிவிடும். இது தெரிந்து படித்தால் தலைப்பே வயிற்றைக் கலக்குகிறது.

பிறப்பது தங்க நிறக் கண்களோடு சுமார் 60 பிள்ளைகள். ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுத்தால் மற்ற பையன்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனால் என்னைப் பயமுறுத்தியது பிள்ளைகள் இல்லை, ஊர்க்காரர்கள்தான். நம் பக்கத்துக் கிராமமாக இருந்தால் விடிவதற்குள் டீக்கடை வரை செய்தி போய், குறி கேட்டு, சாமியாடியை அழைத்து, பக்கத்து ஊர்க்காரன் வேடிக்கை பார்க்க வந்திருப்பான். இவர்கள் மரியாதையாகக் கூட்டம் போட்டுப் பேசி, விஷயம் பத்திரிகைக்குப் போகாமல் மூடிவிட்டு, பிரசவத்துக்குத் தயாராகிறார்கள். அந்த அமைதி இருக்கிறதே, ராத்திரி படித்துவிட்டு வாசல் கதவை இரண்டு முறை சரிபார்த்தேன்.

குறையும் உண்டு. ஜெல்லபி என்றொரு பெரியவர், வாயைத் திறந்தால் தத்துவம்தான், நடுவில் நான் பக்கங்களைத் தாண்டினேன். சுமப்பது பெண்கள், கதையில் பேசுவதோ பெரும்பாலும் ஆண்கள். கதை சொல்பவனே அன்றிரவு தன் பிறந்த நாளுக்காக மனைவியோடு லண்டன் போய்த் தப்பியவன், அதனால் அந்தப் பெண்களின் மனதுக்குள் நாம் நுழையவே முடிவதில்லை.

5க்கு 3.5 கொடுப்பேன். 1960ல் வந்த படத்தை மட்டும் முதலில் பார்த்துவிடாதீர்கள், அந்தக் கண்கள் எப்படியிருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளும் வாய்ப்பு போய்விடும்.