ஐப்பசியில் மாமரம் கவாத்து பண்ண வருகிறவர்களிடம் கவனம்

உடுமலை, ஆனைமலைப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். கவாத்துக்கு, அதாவது கிளை கழிக்க, ஆள் கூட்டி வருகிற ஒரு காண்ட்ராக்டர் எங்கள் தோட்டத்தைப் பாழாக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

ஆனியில், காய் இறக்கி முடித்த கையோடு பேசினோம். உள்வாதுகளையும் (உள்பக்கக் கிளைகள்) காய்ந்ததையும் மட்டும் எடுத்து மரத்துக்குள் வெயில் விழ வைக்க வேண்டும், ஆவணிக்குள் முடிக்க வேண்டும், மரத்துக்கு 500 ரூபாய். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டார். அப்புறம் போனே எடுக்கவில்லை. ஐப்பசிக் கடைசியில், நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, மிஷின் ரம்பமும் டெம்போவுமாக வந்து இறங்கியிருக்கிறார்கள். "இப்ப வேண்டாங்க தம்பி, பூ எடுக்கற நேரம்" என்று அம்மா தடுத்திருக்கிறார். "ஒண்ணும் ஆகாதுங்கம்மா, மழை ஈரத்துல வெட்டுனாத்தான் நல்லாத் துளிர் வருமுங்க" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார்கள்.

துளிர் வரத்தான் செய்தது. அதுதான் கேடே. மாவில் பூ வருவது முற்றிய கிளையின் நுனியில். ஆடி, ஆவணியில் விட்ட துளிர் நன்றாக முற்றி, குளிர் காலத்தில் வளர்ச்சி நின்று ஓய்ந்தால்தான் பூங்கொத்து கிளம்பும். அந்த நுனியை ஐப்பசியில் வெட்டினால் மரம் திரும்ப இலை விடப் போய்விடும். தையில் பக்கத்துத் தோட்டத்துச் செந்தூரா மாமரங்கள் முழுக்கப் பூத்துக் கிடக்க, எங்கள் மரங்களில் செம்பு நிறக் கொழுந்து மட்டும்தான். அந்த வருஷக் காய் அதோடு போயிற்று.

டெம்போ எதற்கு வந்தது என்பது மரத்தைப் பார்த்ததுமே புரிந்தது. எடுக்கச் சொன்ன உள்வாதுகள் அப்படியே இருக்கின்றன. தொடைக் கனத்துக்கு இருந்த வெளிவாதுகளைக் காணோம். விறகுக்காகவே வெட்டியிருக்கிறார்கள், அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டு!

வெட்டிய விதம் இன்னும் கொடுமை. கனமான வாதை முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகுதான் மேலே அறுக்க வேண்டும். இவர்கள் மேலிருந்தே இழுத்ததில், வாது சாயும்போது பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு போயிருக்கிறது. மற்ற இடங்களில் முழம் நீளக் கட்டைகள், தட்டையான வெட்டுவாயில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது. மருந்து ஒரு இடத்திலும் தடவவில்லை. இரண்டு மரங்கள் வெட்டிய இடத்திலிருந்து கீழ்நோக்கிக் கருகி வருகின்றன. ஒன்றில் தண்டுத்துளைப்பான் புழு ஓட்டை போட்டு மரத்தூள் கொட்டுகிறது.

மாமரத்துக்குக் கவாத்து அறுவடை முடிந்த பிறகு, ஆவணி வாக்கில்தான். அதற்குள் வரவில்லை என்றால் அந்த வருஷம் விட்டுவிடுங்கள்; உள்வாது கவாத்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போதும். முன்பணம் கொடுக்காதீர்கள். வெட்டிய விறகு தோட்டக்காரருக்கே என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வெட்டுவாயில் தடவுகிற மருந்தான போர்டோ பசையை நீங்களே தயார் செய்து வையுங்கள்: 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். இரும்புப் பாத்திரம் ஆகாது, பிளாஸ்டிக் வாளியில் தனித்தனியாகக் கரைத்து ஒன்றாக ஊற்ற வேண்டும். வெட்டிய அன்றே தடவ வேண்டும். சந்தேகம் இருந்தால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். டெம்போவோடு வந்து நிற்கிற ஆளிடம் கேட்காதீர்கள்.