பர்பெரி காஷ்மியர் சால்வை: நெசவும் கார்பன் வாக்குறுதியும்

லண்டனில் இருக்கும் ராத்தா சென்ற மார்கழியில் கீழக்கரைக்கு வந்தபோது, உம்மாவுக்கு பிரிட்டனின் ஆடம்பர ஆடை நிறுவனமான பர்பெரியின் காஷ்மியர் சால்வை, அதாவது ஆட்டின் மெல்லிய அடிமயிரால் நெய்த சால்வை, ஒன்றைக் கொண்டுவந்தார். வாடைக்காற்று வீசும் நாள்களில் சுபுஹு தொழுகைக்கு எழும் உம்மா அதைத்தான் போர்த்திக்கொள்கிறார். நம் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள துணி அது. அந்த நிறுவனம் துணியோடு சேர்த்துக் காலநிலை குறித்த ஒரு வாக்குறுதியையும் உலகுக்குத் தந்திருப்பதால், இரண்டையும் சேர்த்தே மதிப்பிடுவதுதான் முறை என்று கருதுகிறேன்.

நெசவில் குறை சொல்ல ஏதுமில்லை. மணல் நிறத்தில் கறுப்பு, வெள்ளை, சிவப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. விளிம்பில் தொங்கும் குஞ்சங்கள் அனைத்தும் ஒரே அளவு முறுக்குடன் இருக்கின்றன. கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை, ஆனால் போர்த்திய சற்று நேரத்தில் உடம்பு வெதுவெதுப்பாகிவிடுகிறது.

வாக்குறுதிக்கு வருவோம். 2040க்குள் நிகரப் பூச்சிய உமிழ்வை, அதாவது வெளிவிடும் கரியமில வாயு போன்ற வெப்ப வாயுக்களுக்கு ஈடான அளவைக் காற்றிலிருந்து நீக்கிவிடும் நிலையை, எட்டி, அதையும் தாண்டிச் செல்வதாக பர்பெரி 2021 ஜூனில் அறிவித்தது. தன் விநியோகச் சங்கிலியின் உமிழ்வை 2030க்குள் 30 விழுக்காடு குறைப்பதாக முன்பு சொல்லியிருந்ததை அப்போது 46 விழுக்காடாக உயர்த்தியது. இந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். கடை விளக்குகளுக்கும் அலுவலகக் குளிர்சாதனத்துக்கும் ஆகும் உமிழ்வு ஸ்கோப் 1, ஸ்கோப் 2 என்ற கணக்கில் வருகிறது. காற்றாலை மின்சாரமோ சூரிய மின்சாரமோ வாங்கி அதைக் குறைத்துவிடலாம். ஆடு வளர்ப்பது, நூற்பது, சாயமேற்றுவது, தோல் பதனிடுவது, கப்பலிலும் விமானத்திலும் அனுப்புவது ஆகியவை எல்லாம் ஸ்கோப் 3. இத்தகைய நிறுவனங்களின் மொத்த உமிழ்வில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. எங்கள் கடைகள் அனைத்தும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் இயங்குகின்றன என்று எந்த நிறுவனம் விளம்பரம் செய்தாலும், மிச்சமுள்ள அந்தப் பெரும்பங்கைப் பற்றி என்ன சொல்கிறது என்று நாம் தேடிப் பார்க்க வேண்டும்.

பர்பெரியின் இலக்கு மொத்த உமிழ்வையே குறைப்பதாக அமைந்திருப்பது அதற்குப் பெருமை சேர்க்கிறது. பிரான்சின் ஆடம்பரப் பொருள் நிறுவனமான ஹெர்மேஸ், 2030க்கான தன் ஸ்கோப் 3 இலக்கை, ஈட்டும் இலாபத்தின் ஓர் அலகுக்கு இவ்வளவு உமிழ்வு என்ற கணக்கில் வைத்தது. அந்த முறையில் இலாபம் பெருகினால், இலக்கு நிறைவேறிய பிறகும் காற்றில் சேரும் கரியமில வாயுவின் மொத்த அளவு பெரிதாகக் குறையாமலே போகலாம். அந்த வாயுவால் சூடேறும் கடலுக்கு விழுக்காடு தெரியாது, மொத்த அளவுதான் தெரியும்.

பழைய கணக்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விற்காத சரக்கில் சுமார் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ளவற்றை ஒரே நிதியாண்டில் அழித்ததாக 2018இல் இதே நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலிருந்து தெரியவந்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததும், அந்த ஆண்டு செப்டம்பரிலேயே எரிக்கும் வழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தார்கள். நெய்த துணியை எரிப்பது, அதை நெய்யச் செலவான உமிழ்வையும் சேர்த்து எரிப்பதாகும். அதைக் கைவிட்டதை நான் உளமார வரவேற்கிறேன்.

ஆனாலும் காஷ்மியர் என்ற இழையே எனக்குக் கவலை தருகிறது. மங்கோலியாவிலும் சீனத்தின் வடபகுதியிலும் மேயும் ஆடுகளின் அடிமயிரை இளவேனிலில் சீவி எடுக்கிறார்கள். ஓர் ஆட்டிலிருந்து ஆண்டுக்குச் சில நூறு கிராம்தான் கிடைக்கிறது. அசைபோடும் விலங்கு என்பதால் ஆடு மீத்தேனை வெளிவிடுகிறது, மந்தை பெருகப் பெருகப் புல்வெளியும் தேய்கிறது. விளக்கை மாற்றுவதுபோல் இதை மாற்ற முடியாது. ஒவ்வொரு சால்வையின் சீட்டிலும், இழையின் பெயருக்குக் கீழே, அது எவ்வளவு உமிழ்வில் உருவானது என்ற எண் அச்சாக வேண்டும் என்பது என் விருப்பம்.

இந்த உமிழ்வின் விளைவு எங்கள் கடலிலேயே தெரிகிறது. எங்கள் ஊருக்கு நேரெதிரே அப்பா தீவு இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகள் 2010இலும் 2016இலும் கடல் சூடேறியதால் பெருமளவில் வெளிறின. இதே வரிசையில் பூவரசன்பட்டித் தீவு நீரில் மூழ்கியதற்குப் பாறையை வெட்டி எடுத்த நம்மவர்களின் கையும் காரணம் என்பதை மறைக்க மாட்டேன். வெளிறலுக்கு அப்படி உள்ளூர்க் காரணம் சொல்லிவிட முடியாது. பவளப்பாறை செத்தால் மீன் ஒதுங்க இடமில்லை. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசியும் அதே கடலை நம்பித்தான் வளர்கிறது.

எனவே என் மதிப்பீடு இது: துணிக்கு முழு மதிப்பெண், இலக்கின் அமைப்புக்கு நல்ல மதிப்பெண், நிறைவேற்றத்துக்கு 2030 வரை மதிப்பெண்ணை நிறுத்திவைக்கிறேன். ஆண்டில் ஐந்தாறு வாரமே குளிரும் இந்தக் கரையில் இருப்பவர்கள் இதைப் புதிதாக வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன். கையில் வந்து சேர்ந்துவிட்டால் இருபது, முப்பது ஆண்டுகள் உழைக்கும்படி பேண வேண்டும். தை முடிந்ததும் உம்மா அதை நிழலில் உலர்த்தி, அந்துப்பூச்சி அண்டாமல் காய்ந்த வேப்பிலையைப் பழைய வேட்டித் துண்டில் முடிந்து மடிப்புக்குள் வைத்து, மரப்பெட்டியில் பூட்டினார். ராத்தாவின் மகளுக்கு என்று இப்போதே சொல்லியும் வைத்துவிட்டார்.