கீசர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: பெட்டியில் இருக்கும் லிட்டர் டேங்கின் லிட்டர் இல்லை!

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஒரு மாதச் சம்பளம் முழுசாகப் போயிருக்கிறது. டேங்க் வைத்த கீசர் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். வீட்டுக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்று எப்படிப் பார்ப்பது என்பதையும் கீழே சொல்கிறேன்.

வாங்கிய இடம், வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் பெரிய கடை. வீட்டில் நான்கு பேர். காலையில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகக் குளித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இதைச் சொன்னதுமே அங்கிருந்த விற்பனையாளர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

“ஆளுக்கு 25 லிட்டர்னா நாலு பேருக்கு 100 லிட்டர் சார். ஆனா டேங்க்ல தண்ணி 60 டிகிரியில இருக்கும், அப்படியே மேல ஊத்திக்க முடியாது. குழாய்த் தண்ணி 20 டிகிரின்னு வைங்க. பாதிக்குப் பாதி கலந்தா 40 டிகிரி, குளிக்க சரியா இருக்கும். அதனால உங்களுக்கு 50 லிட்டரே தாராளம். இதுக்கு மேல பெருசா வாங்கி கரண்ட்டை வீணாக்காதீங்க.”

அந்தக் கடைசி வரிதான் எங்களை விழ வைத்தது. விலை கூடினதைத் தலையில் கட்டாமல், சின்னதே போதும் என்கிற கடைக்காரரை யார்தான் சந்தேகப்படுவார்கள்? கணக்கும் சரியான கணக்கு. இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் சரியாகவே வருகிறது. “இதோ 50” என்று ஒரு பெட்டியைக் காட்டினார். பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு 50 என்று அச்சடித்திருந்தது. ஒரு மாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மாட்டிய மறுநாளே தெரிந்துவிட்டது. இரண்டு பேர் குளித்ததும் வெந்நீர் தீர்ந்தது. மூன்றாவதாகப் போன அம்மா, தலை நிறைய ஷாம்பு நுரையோடு உள்ளேயிருந்து கூப்பிடுகிறார், தண்ணீர் பச்சையாக வருகிறது என்று. அடுத்த நாளும் அதே கதை.

கடைக்குப் போன் செய்தால், “புது ஹீட்டர் சார், செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும்” என்றார்கள். தண்ணீர் சூடு பண்ணும் டேங்குக்கு என்ன செட் ஆவது? அப்புறம் ஷவரை மாற்றச் சொன்னார்கள். அதற்கப்புறம், “தெர்மோஸ்டாட்டை 75-க்கு ஏத்திடுங்க, நிறைய வரும்” என்று ஒருவர் சொன்னார். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 60 டிகிரித் தண்ணீரே சில நொடிகளில் தோலை வேக வைத்துவிடும். குழந்தையோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில் 75-க்கு ஏற்றச் சொல்லலாமா? உப்புத் தண்ணீர் என்றால் அந்தச் சூட்டில் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு வேறு சீக்கிரம் படியும்.

கடைசியில் பிளம்பரை அழைத்தோம். மின்சாரத்தை அணைத்து, தண்ணீர் வரும் வால்வை மூடி, ஆறவிட்டு, டேங்கை மொத்தமாக வடித்தார். 15 லிட்டர் வாளி ஒருமுறை நிரம்பியது. இரண்டாவது வாளி முக்கால்கூட நிரம்பாமல் சொட்டுச் சொட்டாக நின்றுவிட்டது. “இது 50 இல்ல சார்” என்று சொல்லிவிட்டு, டேங்குக்கும் சுவருக்கும் நடுவே டார்ச் அடித்தார். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த தகட்டில் பொடி எழுத்தில் இருந்தது: கொள்ளளவு 25 லிட்டர், 2 கிலோவாட்.

அப்போ அந்த 50? 25 லிட்டர் வெந்நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்தால் கிடைக்கும் குளியல் தண்ணீரின் அளவு. கலப்பதை அந்த ஆள் தாளிலேயே கணக்கில் எடுத்து 100-ஐ 50 ஆக்கிவிட்டார். பெட்டியில் இருந்த 50-இலும் கலப்பது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. ஒரே கலவையை இரண்டு தடவை கணக்கில் காட்டி, நான்கு பேருக்கு என்று இரண்டு பேருக்கான டேங்கை விற்றிருக்கிறார்கள். அந்த 50-கூட முழுசாக வராது. வெந்நீரை எடுக்க எடுக்கக் கீழே பச்சைத் தண்ணீர் புகுந்து மீதியையும் ஆற்றிவிடும். காலியான 25 லிட்டர் 2 கிலோவாட்டில் மறுபடி 20-இலிருந்து 60-க்கு ஏற 35 நிமிடம் ஆகும். அவசரக் காலையில் யார் காத்திருப்பது?

தகட்டைப் படம் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அதே ஆள் முகம் மாறாமல் சொல்கிறார்: “50-ன்னுதான் சார் சொன்னேன், டேங்க் 50-ன்னு சொன்னேனா?” மேலாளரோ, சுவரில் மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், கம்பெனியிடம் பேசுங்கள் என்கிறார். கம்பெனியில் கேட்டால், கருவியில் பழுது இல்லை, விற்றவரிடம் கேளுங்கள் என்கிறார்கள். கணக்குப் போட்ட தாளையும் கடையிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒரு மாதச் சம்பளம்! உழைத்த காசு, அம்மாவின் தலையில் பச்சைத் தண்ணீரை ஊற்றவா?

எழுத எழுத ஆத்திரம்தான் ஏறுகிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

பெட்டியை நம்பாதீர்கள், தகட்டைப் பாருங்கள். மாட்டுவதற்கு முன்னாலேயே பாருங்கள், மாட்டினால் அது சுவர்ப் பக்கம் போய்விடும். காலையில் அடுத்தடுத்துக் குளிப்பவர்களுக்கு மொத்தம் எத்தனை லிட்டர் என்று கூட்டி, பாதியாக்கி, அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக எடுங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவர் என்றால் ஆளுக்கு 25 பத்தவே பத்தாது. குளிர் அதிகமான இடத்தில் பாதிக் கணக்கும் போதாது, இன்னும் பெரிய டேங்க் வேண்டும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பெரிதாக எடுத்துவிடாதீர்கள். 100 லிட்டரை 2 கிலோவாட்டில் சூடாக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பில்லில் “டேங்க் கொள்ளளவு இத்தனை லிட்டர்” என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டோம் என்றால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.