வெளி லாகினை நம்பித் தளம் நடத்துவது: பல வருட அனுபவம்

உறுப்பினர்கள் பதிவு செய்து பயன்படுத்தும் ஒரு தளத்தைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். பெரும்பாலோர் கூகுள், ஃபேஸ்புக், ஆப்பிள் பட்டன்களில் ஒன்றை அழுத்தித்தான் உள்ளே வருகிறார்கள். இதை நம்பலாமா என்று கேட்டால், ஆளைச் சரிபார்த்து உள்ளே விடும் வேலைக்குத் தாராளமாக நம்பலாம். ஆனால் நம் உறுப்பினர் யார் யார் என்ற பதிவு முழுக்க அந்த நிறுவனங்களின் கையில் இருக்கக் கூடாது.

நன்மை பெரியது. பாஸ்வேர்டைச் சேமித்துக் காக்கும் பாரம் நமக்கு இல்லை. நம் டேட்டாபேஸ் திருடு போனாலும் அதில் யாருடைய பாஸ்வேர்டும் இருக்காது. சந்தேகமான லாகினைக் கண்டுபிடிப்பது, இரண்டடுக்குச் சரிபார்ப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. தனி ஆளாகத் தளம் நடத்துகிறவர் அந்தத் தரத்தை எட்டவே முடியாது.

சிக்கல் வருடங்கள் போனபின்தான் தெரியும். இந்தச் சேவைகள் நிரந்தரமானவை அல்ல. ஒரே அடையாளத்தால் பல தளங்களில் நுழைய வழி செய்த ஓப்பன்ஐடி என்ற முறை 2005-ல் வந்தது, அதை நம்பிப் பல தளங்கள் கட்டப்பட்டன. 2014 பிப்ரவரியில், அந்த அடையாளத்தை வழங்கி வந்த மைஓப்பன்ஐடி என்ற சேவை மூடப்பட்டது. 2015-ல் கூகுள் தன் ஓப்பன்ஐடி 2.0 சேவையை நிறுத்தியது. 2016 நவம்பர் இறுதியில் மொசில்லாவின் பெர்சோனா என்ற லாகின் சேவையும் போனது. இவற்றில் பெர்சோனா எனக்கு மிகவும் பிடித்தது. அது ஆளை அடையாளம் காட்டியது சரிபார்த்த மின்னஞ்சல் முகவரியால்தான். அதனால் அது மூடப்பட்டபோதும், உறுப்பினரை மின்னஞ்சல் வழியாகவே வேறு லாகினுக்கு மாற்ற முடிந்தது. ஓப்பன்ஐடியில் அடையாளம் ஒரு இணைய முகவரி. அதைத் தந்த நிறுவனம் போனால், சொந்த டொமைன் (இணையப் பெயர்) வைத்திருந்தவர்களைத் தவிர மற்றவர்களின் அடையாளமும் அதோடு போயிற்று.

அப்படியானால் மின்னஞ்சலையே அடையாளமாக வைத்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் சரிவராது. வேலை மாறினால் முகவரி மாறும், சில அலுவலகங்களில் பழைய முகவரி புதிய ஆளுக்குப் போகும். ஒவ்வொரு கணக்குக்கும் தான் தரும், மாறாத ‘சப்’ (sub) என்ற எண்ணைத்தான் அடையாளமாக வைக்க வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. ஃபேஸ்புக்கில் போன் எண் கொடுத்துச் சேர்ந்தவருக்கு மின்னஞ்சலே வராமல் இருக்கலாம். ஆப்பிளில் பயனர் தன் முகவரியை மறைத்தால் நமக்கு, அஞ்சலை அவருக்குத் திருப்பி அனுப்பும் ஒரு இடைமுகவரிதான் கிடைக்கும். பெயரையும் ஆப்பிள் முதல் முறை மட்டும்தான் அனுப்பும், அப்போதே சேமித்துக்கொள்ள வேண்டும். ஆப்பிளுக்கு நம் சர்வர் காட்டும் ரகசியச் சாவிக்கு அதிகபட்ச ஆயுள் 6 மாதம். அது காலாவதியாகும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

சேவை முடங்கும் நாள் ஒன்று எப்படியும் வரும். 2020 டிசம்பர் 14 அன்று கூகுளின் லாகின் அமைப்பு முக்கால் மணி நேரம் போல நின்றது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் 6 மணி நேரம் இணையத்திலிருந்தே காணாமல் போனது. நம் தளம் உள்ளே வந்தவருக்குத் தன் சொந்த செஷனை (உள்ளே வந்தவரை நினைவில் வைக்கும் அனுமதியை) கொடுத்திருந்தால், ஏற்கெனவே லாகின் செய்தவர்களுக்கு அன்று ஒரு குறையும் இருக்காது. ஒவ்வொரு பக்கத்துக்கும் வெளிச் சேவையைப் போய்க் கேட்கும் தளம் அவர்களோடு சேர்ந்தே முடங்கும்.

என்னை அதிகம் வருத்தியது வேறு. ஒரு நிறுவனம் மறுபரிசீலனை என்று சொல்லி எங்கள் லாகின் அனுமதியை நிறுத்தி வைத்தது. கேட்ட விவரங்களையெல்லாம் அனுப்பியும் நாட்கணக்கில் பதில் இல்லை, பேசுவதற்கு மனிதர் யாரும் கிடைக்கவில்லை. உறுப்பினர்களோ நாங்கள்தான் அவர்களை வெளியே தள்ளிவிட்டோம் என்று நினைத்தார்கள். பல வருடம் எங்களோடு இருந்தவர்கள் ‘என்ன தப்பு செய்தேன்’ என்று கேட்டு எழுதியதைப் படிக்கவே கஷ்டமாக இருந்தது. அப்புறம்தான் மின்னஞ்சலுக்கு ஒருமுறை மட்டுமே செல்லும் இணைப்பை அனுப்பி உள்ளே விடும் வழியையும் சேர்த்தோம்.

இப்போது ஒவ்வொருவருக்கும் எங்கள் சொந்த உறுப்பினர் எண் உண்டு. கூகுள், ஆப்பிள் தரும் அடையாளங்கள் தனி அட்டவணையில் அந்த எண்ணோடு இணைந்திருக்கும். ஒருவருக்கு எத்தனை வேண்டுமானாலும் இணைக்கலாம், கழற்றலாம். முதல் முறை வரும்போதே தொடர்புக்கு ஒரு மின்னஞ்சலை வாங்கிச் சரிபார்த்து விடுகிறோம். ஒரே ஆள் இரண்டு பட்டன்களில் வந்து இரண்டு கணக்கு உண்டானால், மின்னஞ்சல் ஒன்றாக இருக்கிறது என்பதற்காகத் தானாக இணைப்பதில்லை. எல்லாச் சேவைகளும் முகவரியைச் சரிபார்த்துத்தான் தருகின்றன என்று சொல்ல முடியாது, அந்த ஓட்டை வழியாக அடுத்தவர் கணக்குக்குள் நுழைந்துவிடலாம். இரண்டு வழியிலும் லாகின் செய்து காட்டினால்தான் இணைப்போம்.

அடுத்து பாஸ்கீ சேர்க்கிறோம், அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனில் இருக்கும் ரகசியச் சாவியால் உள்ளே வரும் முறை. இடையில் லாகின் நிறுவனம் இல்லாமல் உறுப்பினரின் போனுக்கும் நம் தளத்துக்கும் நேராக நடப்பது என்பதால் எனக்கு இதில் நிறைய நம்பிக்கை. ஆனால் பாஸ்கீ டொமைன் பெயரோடு பிணைந்தது. தளத்தின் பெயரை மாற்றும் எண்ணம் இருப்பவர்கள் அதை முடித்துவிட்டு இதில் இறங்குவது நல்லது.