1000 ரூபாய் டாங்கிளா, மேசை டாக்கா, ஆர்2ஆரா?

மேசையில் மூன்று கிடக்கின்றன. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை வயர், அது ஒரு முனையில் ஹெட்ஃபோன் சாக்கெட் உள்ள ஆப்பிளின் யுஎஸ்பி-சி டாங்கிள், விலை 1000 ரூபாயை ஒட்டி வரும். பக்கத்தில் டாப்பிங் ஈ30 இரண்டாம் பதிப்பு, அதைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு விலை. மூன்றாவது ஃபியோ கே11 ஆர்2ஆர், மச்சானிடம் ஒரு மாதத்துக்கு இரவல். மூன்றுமே டாக், அதாவது டிஜிட்டல்-அனலாக் மாற்றி, பார்ப்பது ஒரே வேலைதான்: கோப்பில் எண்களாகக் கிடக்கும் பாட்டை மின்னழுத்தமாக மாற்றி, ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபையர்) கொடுப்பது. அந்த வேலையை எது நன்றாகச் செய்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். கடைசியில் முடிவு வேறு எங்கிருந்தோ வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

டாக் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "உள்ளே என்ன சிப்?" என்றுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். டாக் சிப் செய்யும் கம்பெனிகளில் ஏகேஎம் என்றால் இதமாக இருக்கும், ஈஎஸ்எஸ் என்றால் பளிச்சென்று குத்தும் என்பார்கள். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் ஏகேஎம் ஆலை தீப்பிடித்து எரிந்தது, சிப் கிடைக்கவில்லை, பல கம்பெனிகள் வேறு வழியில்லாமல் ஈஎஸ்எஸ் சிப்புக்கு மாறின. "இதம்" போய்விட்டது என்று வாங்கினவர்கள் யாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடியதாகத் தெரியவில்லை. சிப் மட்டும் டாக் ஆகிவிடாது. அதற்குப் பின்னால் வரும் அனலாக் பகுதி, பவர், எண்களை நேரம் தவறாமல் மாற்றவைக்கும் கடிகாரச் சுற்று எல்லாம் சேர்ந்ததுதான் பெட்டி. நன்றாகக் கட்டிய இரண்டு பெட்டிகளுக்கு நடுவே காது பிடிக்கும் அளவுக்கு வித்தியாசம் இருப்பது அபூர்வம்.

டாங்கிளும் டாப்பிங்கும் டெல்டா-சிக்மா வகை. குழாயைப் படுவேகமாகத் திறந்து திறந்து மூடினால் வாளியில் விழும் தண்ணீர் சராசரியாக ஒரு அளவுக்கு வருமில்லையா, அதுபோலத்தான். ஆர்2ஆர் என்பது வேறு, அது தராசுப் படிக்கல் கணக்கு. ஒரு கிலோ, அரைக் கிலோ, கால் கிலோ என்று ஒவ்வொரு கல்லும் முந்தையதில் பாதி, வேண்டிய கற்களைத் தட்டில் வைத்தால் எடை வந்துவிடும். இங்கே கல்லுக்குப் பதில் ரெசிஸ்டர். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் 16 பிட்டுக்கு 65,536 படிகள், ஒரு கிலோ கல்லே இரண்டு கிராம் தப்பாக இருந்தால் கடைசியில் உள்ள குன்றிமணிக் கற்களுக்கு அர்த்தமே இல்லை. முதல் பெரிய கல்லின் இடத்தில் உள்ள ரெசிஸ்டர் 0.0015 சதவீதத்துக்குள் சரியாக இருந்தால்தான் கடைசிப் படி வரை உண்மை பேசும். அதனால்தான் நல்ல ஆர்2ஆர் விலை ஏறுகிறது. டெனாஃப்ரிப்ஸ் ஏரிஸ் மாதிரி பெட்டிகள் இந்த ஃபியோவைவிடப் பல மடங்கு விலை.

சரி, கேட்டால் எப்படி இருக்கிறது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், முதல் நாள் நானும் ஏமாந்தேன். டாங்கிள் முழு ஒலியில் 1 வோல்ட் தருகிறது, டாப்பிங் 2 வோல்ட். அது 6 டெசிபல் வித்தியாசம். சத்தம் கொஞ்சம் கூடினால் போதும், பாஸ் திடமாக இருக்கிறது, குரல் முன்னால் வந்து நிற்கிறது என்றெல்லாம் காது கதை கட்டும். அப்புறம் 400 ரூபாய் மல்டிமீட்டரை எடுத்து ஸ்பீக்கர் முனையில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டோனை ஓட விட்டேன். மலிவு மீட்டர்கள் நம் வீட்டு மின்சாரத்தின் அலைவெண்ணுக்குப் பக்கத்தில்தான் ஒழுங்காகக் காட்டும், 1000 ஹெர்ட்ஸ் கொடுத்தால் பலது உளறும். ஆம்பின் வால்யூம் திருகியைத் தொடாமல் டாப்பிங்கின் ரிமோட்டில் இறக்கி இறக்கி இரண்டையும் ஒரே எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். மேக்கில் மல்டி-அவுட்புட் டிவைஸ் என்று ஒன்றை உருவாக்கினால் ஒரே பாட்டு இரண்டு டாக்குக்கும் ஒரே நேரத்தில் போகும். ஆம்பின் சிடி சாக்கெட்டில் ஒன்று, ஆக்ஸில் இன்னொன்று. மச்சான் ஆம்பில் இரண்டுக்கும் நடுவே மாற்றி மாற்றித் திருகினார், நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நாதஸ்வரக் கச்சேரிப் பதிவு, 16 தடவை. 9 சரி. காசு சுண்டினாலும் அவ்வளவு வந்திருக்கும்.

ஆர்2ஆரை மட்டும் ஒரு நிலையில் கண்டுபிடிக்க முடிந்தது. பாட்டின் எண்களுக்கு நடுவே கூடுதல் எண்களைக் கணக்கிட்டுச் செருகுவது ஓவர்சாம்ப்ளிங், அது இல்லாத நாஸ் முறையில் வைத்தால் ஜால்ராவின் கூர்மை ஒரு பொட்டு மழுங்கியது. அதில் மர்மம் எதுவும் இல்லை. சிடி தரப் பாட்டுக்கு நாஸில் 20 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபலுக்குச் சற்று மேல் குறையும், 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபல். "அனலாக் வாசம்" என்று பலர் சிலாகிப்பதில் பாதிக்கு மேல் இதுதான் என்று நினைக்கிறேன். பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம், எனக்கே இரவு நேரத்தில் பிடித்தது. ஆனால் ஆம்பில் ட்ரெபிள் திருகியை அரைக்கால் இடதுபக்கம் திருப்பினால் ஏறத்தாழ அங்கே வந்துவிடலாம், அது ஓசி.

ஆக, ஒலியின் தரத்தை வைத்துப் பார்த்தால் டாங்கிளே போதும். கணினியோ ஐபேடோ பக்கத்தில் இருந்து அதிலிருந்து மட்டும் கேட்கிறவர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அது போகாது, அது ஒரு குறையே இல்லை. ஆண்ட்ராய்டு ஃபோனில் செருகினால் பல ஃபோன்களில் ஒலி பரிதாபமாகக் குறைவாக இருக்கும், டாங்கிளின் உள்ளே உள்ள வால்யூமை ஃபோன் முழுதாக ஏற்றாததுதான் காரணம். யுஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ மாதிரி ஒரு ஆப் இருந்தால் அதைச் சரிசெய்யலாம், ஆனால் அந்த ஆப்பில் ஓடும் பாட்டுக்கு மட்டும்.

மேசை டாக் ஜெயிப்பது சாக்கெட்டுகளில். டாப்பிங்கில் யுஎஸ்பி, ஆப்டிகல், கோஆக்சியல் மூன்றும் இருக்கின்றன. இந்த ஆப்டிகலின் அருமை எனக்கு ஒரு ஹம்மில் தெரிந்தது. லேப்டாப்பை யுஎஸ்பியில் இணைத்ததும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் உறுமல். டாக்தான் பழுது என்று திட்டிவிட்டு, சார்ஜரைக் கழற்றியதும் சத்தம் நின்றது. லேப்டாப்பின் மூன்று பின் சார்ஜர் ஒரு சுவரில், ஆம்ப் இன்னொரு சுவரில், இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு வித்தியாசம், அது டாக்கையும் ஆம்பையும் இணைக்கும் ஆர்சிஏ வயரின் உறை வழியாக ஓடுகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினேன், பெரும்பாலும் அடங்கியது. முழுதாக அடங்கியது டிவியிலிருந்து ஆப்டிகல் வயரில் கொடுத்தபோதுதான், ஒளி போகும் இழையில் மின்சாரம் போகாது. தயவுசெய்து எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். ஹம் போய்விடும், ஆனால் ஆம்பின் உடம்பில் மின்சாரம் கசிந்தால் அது போக வழி உங்கள் கை மட்டும்தான்.

டாப்பிங்கோடு அடாப்டர் வரவில்லை, 5 வோல்ட் கொடுக்க ஒரு வயர்தான் வந்தது. பழைய ஃபோன் சார்ஜர் போதும். இதற்குத் தனியாக 8000 ரூபாய்க்கு லீனியர் பவர் சப்ளை வாங்கச் சொல்வார்கள், காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

அமைப்பதில் இன்னும் சில. விண்டோஸ் 10-இல் 2017-க்குப் பிறகு தனி டிரைவர் இல்லாமலே இவை ஓடும், ஆனால் சவுண்ட் செட்டிங்கில் போய் 44.1 கிலோஹெர்ட்ஸ் வைத்துவிடுங்கள், உங்கள் பாட்டு பெரும்பாலும் சிடி தரம்தான். கணினி வால்யூம் முழுதாக, ஏற்றி இறக்குவது ஆம்பில். வால்யூம் திருகி இல்லாத பவர் ஆம்பிலோ, உள்ளேயே ஆம்ப் உள்ள ஆக்டிவ் ஸ்பீக்கரிலோ நேரே கொடுத்தால் இந்த அறிவுரையைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் டாக்கில் அடிமட்டம் வரை இறக்கிவிட்டுத்தான் பிளக். ஒரு மெயில் வந்த 'டிங்' சத்தத்துக்கு எங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது.

டிவியில் ஆப்டிகல் மாட்டி ஒன்றுமே கேட்கவில்லை என்றால், அல்லது 'கர்ர்ர்' என்று இரைந்தால், டிவி டால்பி என்ற சுருக்கிய ஒலியை அனுப்புகிறது, டாக்குக்கு அது புரியாது. டிவியின் ஆடியோ அவுட்டில் பிசிஎம் (சுருக்காத சாதாரண ஒலி) என்று மாற்றினால் பேச ஆரம்பிக்கும்.

முடிவு வேறு எங்கிருந்தோ வந்தது என்று சொன்னேனே, அது இங்கிருந்துதான். எங்கள் டிவியில் ஆப்டிகலுக்குப் போகும் ஒலி நிலையானது, டிவி ரிமோட்டில் கூட்டினாலும் குறைத்தாலும் மாறாது. ஆம்ப் பழசு, அதற்கு ரிமோட்டே கிடையாது. சீரியலில் விளம்பரம் வந்தால் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்த் திருக அம்மா தயாராக இல்லை. டாங்கிளை டிவியில் மாட்ட வழியில்லை, ஃபியோவில் முன்பக்கத் திருகிதான். ரிமோட் இருந்தது டாப்பிங்கில் மட்டும். ஃபியோ மச்சானிடம் திரும்பிப் போனது, டாங்கிள் லேப்டாப் பையில், டாப்பிங் ஹாலில். அதன் குட்டி ரிமோட்டை டிவி ரிமோட்டின் முதுகோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார் அம்மா.