வயர் அறுந்தால் மெஷின் நிற்குமா? சிஎன்சி சென்சார், டூல் செட்டர் வயரிங்: ஓர் ஒப்பீடு

இரண்டு வருடத்துக்கு முன் என் சின்ன சிஎன்சி ரௌட்டரில் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி வெட்டும் மெஷின்) 6 மி.மீ. எண்ட் மில் (வெட்டும் டூல்) ஒன்று, டூலின் உயரத்தை அளக்க வைக்கும் டச் பிளேட்டின் மேலேயே உடைந்தது. புரோகிராமில் தப்பில்லை. பிளேட்டுக்குப் போகும் வயர், சால்டர் வைத்த இடத்தில் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் தெரியாது. டூல் பிளேட்டைத் தொட்டதும் கன்ட்ரோலருக்கு எந்தச் செய்தியும் போகவில்லை, டூலைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டில் இறங்கிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து எந்த சென்சாரைக் கையில் எடுத்தாலும் விலைக்கும் துல்லியத்துக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்கிறேன்: இதன் வயர் அறுந்தால் மெஷின் நிற்குமா, ஓடுமா?

முதலில் சுவிட்சின் இரண்டு வகை: என்ஓ (நார்மலி ஓப்பன்), என்சி (நார்மலி குளோஸ்டு). என்ஓ சும்மா இருக்கும்போது திறந்திருக்கும், அழுத்தினால் சேரும். என்சி சேர்ந்தே இருக்கும், அழுத்தினால் பிரியும். ஜிஆர்பிஎல் (ஆர்டுயினோ போர்டில் ஓடி மெஷினை இயக்கும் மென்பொருள்) கன்ட்ரோலர் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் எதிர்பார்ப்பது என்ஓ. அதனாலேயே பலரும் அப்படி மாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். என்ஓ வயர் அறுந்தால் கன்ட்ரோலருக்கு எல்லாம் நலம் என்றே தெரியும். என்சி வயர் அறுந்தால் சுவிட்ச் அழுத்தப்பட்டதாக எண்ணி நின்றுவிடும். லிமிட் சுவிட்சுக்கு (ஆக்ஸிஸ் எல்லையைத் தாண்டாமல் நிறுத்துவது) ஜிஆர்பிஎல் செட்டிங்கில் $5=1 என்று மாற்றினால் போதும், என்சி தயார்.

என்சிக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஆர்டுயினோ ஊனோவின் உள் புல்-அப் ரெசிஸ்டர் (இன்புட்டை 5 வோல்ட் பக்கம் இழுத்து வைப்பது) 20 முதல் 50 கிலோ ஓம் வரை, மிகப் பலவீனம். என்ஓ வயர் சும்மா இருக்கும் நேரமெல்லாம் அந்த ஒரே பிடியில் தொங்குகிறது. பக்கத்தில் விஎஃப்டி (ஸ்பிண்டில் வேகத்தை மாற்றும் டிரைவ்) கேபிள் ஓடினால் அந்த என்ஓ வயர் ஆன்டெனாவாகிவிடும். என்சி வயரோ மூடிய சுவிட்ச் வழியாக நேராக 0 வோல்ட்டில் உட்கார்ந்திருக்கும், இரைச்சல் அதை லேசில் அசைக்காது. லிமிட் சுவிட்சுக்கு என்ஓ வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அடுத்தது, தொடாமலேயே உலோகத்தை உணரும் மூன்று வயர் ப்ராக்ஸிமிட்டி சென்சார். பிரவுன் பாசிடிவ், நீலம் 0 வோல்ட், கறுப்பு சிக்னல். என்பிஎன் வேலை செய்யும்போது கறுப்பை 0 வோல்ட்டுக்கு இழுக்கும். பிஎன்பி அதே வயரில் பாசிடிவைக் கொடுக்கும். கடையில் பரவலாகக் கிடைக்கும் எல்ஜே12ஏ3 வரிசையில் கடைசி எழுத்துகளைப் பாருங்கள்: பிஎக்ஸ் என்றால் என்பிஎன் என்ஓ, ஏஎக்ஸ் என்றால் என்பிஎன் என்சி, பிஒய் என்றால் பிஎன்பி என்ஓ.

புல்-அப் இருக்கும் இன்புட்டுக்கு என்பிஎன் இயல்பாகப் பொருந்தும், அதனால்தான் சின்ன மெஷின்களில் அதுவே அதிகம். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. என்பிஎன் என்சி சும்மா இருக்கும்போது கறுப்பு வயர் 0 வோல்ட்டில் இருக்கும். அந்த வயர் கேபிள் செயினில் தேய்ந்து மெஷின் உடலைத் தொட்டால், உடலும் 0 வோல்ட்டும் சேர்ந்திருக்கும் பட்சத்தில், சிக்னல் அதே 0 வோல்ட்டிலேயே நிற்கும். ஆக்ஸிஸ் சென்சாரைத் தாண்டிப் போனாலும் கன்ட்ரோலருக்குத் தெரியாது. அறுந்தால் காப்பாற்றும், உடலோடு ஒட்டினால் காப்பாற்றாது.

பிஎன்பி என்சியில் சும்மா இருக்கும்போது சிக்னல் 24 வோல்ட். அறுந்தாலும் அது போய்விடும், உடலில் ஒட்டினாலும் போய்விடும், இரண்டிலும் மெஷின் நிற்கும். ஐரோப்பிய மெஷின்களில் பிஎன்பி அதிகம் தென்படுவதில் இந்தக் கணக்கும் உண்டு. பதிலுக்கு 24 வோல்ட்டை ஏற்கும் ஆப்டோ இன்புட் போர்டு (சிக்னலை ஒளி வழியாகக் கடத்துவது) வேண்டும். பிஎன்பியின் கறுப்பு வயரை நேராக ஆர்டுயினோவில் சொருகினால் 5 வோல்ட் பின்னில் 24 வோல்ட் ஏறி போர்டு செத்துவிடும்.

என்பிஎன் என்றால் அந்த ஆபத்து இல்லை என்று நம்பிவிடாதீர்கள். சில என்பிஎன் சென்சார்களுக்குள்ளேயே பிரவுனுக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். சென்சார் ஓய்வில் இருக்கும்போது அதன் வழியாக சப்ளை வோல்ட்டேஜ் உங்கள் பின்னுக்கு வரும். இன்புட்டில் மாட்டுவதற்கு முன் கறுப்பு வயரை மல்டிமீட்டரில் இரண்டு நிலையிலும் அளந்து பார்ப்பது ஒரு நிமிட வேலை. 5 வோல்ட் சப்ளையிலேயே ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இவற்றின் குறைந்தபட்ச அளவு 6 வோல்ட். அதற்குக் கீழே ஓடினாலும் உணரும் தூரத்தை நம்ப முடியாது.

மெக்கானிக்கல் சுவிட்சா, ப்ராக்ஸிமிட்டியா என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவிட்சுக்கு இரண்டு வயர் போதும், சப்ளை வேண்டாம், தூசியும் கூலண்ட்டும் புகுந்தால் கெடும். ப்ராக்ஸிமிட்டி மூடிய உடல், நீண்ட நாள் உழைக்கும், ஆனால் இரும்புச் சிப்ஸ் முகத்தில் ஒட்டினால் பொய் சொல்லும். 4 மி.மீ. தூரம் என்று போட்டிருப்பது சாதாரண இரும்புக்குத்தான். எதிரே அலுமினியம் வைத்தால் அதில் பாதிகூடத் தேறாது. ஆகவே அலுமினிய ஃப்ரேமில் ஒரு இரும்பு போல்ட்டைத் திருகி அதை இலக்காக வையுங்கள்.

சரி, டூலின் உயரத்தை அளக்கும் டூல் செட்டர். டச் பிளேட் மலிவு: பிளேட் ஒரு முனை, டூலில் மாட்டும் கிளிப் மறு முனை, தொட்டால் சர்க்யூட் சேரும். அதன் பிறவிக் குணமே என்ஓ. வயர் அறுந்தாலும், கிளிப்பை மாட்ட மறந்தாலும், பிளேட்டின் ஆனடைஸ் பூச்சைச் சுரண்டாமல் விட்டாலும் கன்ட்ரோலருக்கு எல்லாம் ஒன்றுதான். ஸ்பிண்டில் உடல் எர்த்தில் இருக்கிறதே, கிளிப் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நடுவில் பேரிங் இருக்கிறது, கிரீஸ் இருக்கிறது. அந்த வழியே மின்சாரம் ஒவ்வொரு முறையும் போகும் என்று நம்பி நான் டூலை இறக்க மாட்டேன்.

ஸ்பிரிங் வைத்த பிளஞ்சர் செட்டரில் பெரும்பாலும் நான்கு வயர்: இரண்டு டூல் தொடுவதற்கு, இரண்டு ஓவர்ட்ராவலுக்கு (அளவுக்கு மேல் அழுத்தினால் செயல்படுவது). நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், மல்டிமீட்டரின் பீப் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொடு வயரை என்சியாக வாங்கி $6=1 (லிமிட்டுக்கு $5 போல, தொடுதலை உணரும் ப்ரோப் இன்புட்டுக்கான செட்டிங்) வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். தொடும் வரை டூலை இறக்கும் ஜி38.2 கட்டளை, நகர்வதற்கு முன்பே ப்ரோப் நிலையைப் பார்க்கும். வயர் அறுந்திருந்தால் ஏற்கனவே தொட்டுவிட்டதாகத் தெரியும், அலாரம் 4 வரும், ஸ்பிண்டில் ஒரு மைக்ரான்கூட இறங்காது. என்ஓ பிளேட்டில் இதே பழுது வந்தால், கொடுத்த தூரம் முழுவதும் இறங்கிய பிறகுதான் அலாரம் 5. அதற்குள் டூல் போயிருக்கும். ஓவர்ட்ராவல் இரண்டு வயரையும் லிமிட் சுவிட்சுகளோடு சீரிஸில் சேருங்கள். தொடு வயர் எந்தக் காரணத்தாலோ ஏமாற்றினாலும் இரண்டாவது காவல் அங்கே நிற்கும்.

1972-இல் டேவிட் மெக்மர்ட்ரி, ரோல்ஸ்-ராய்ஸில் இருந்தபோது, கான்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் இன்ஜின் எரிபொருள் குழாய்களை அளக்க, தொட்டவுடன் சிக்னல் தரும் ஒரு டச் ட்ரிக்கர் ப்ரோப் செய்தார். ரெனிஷா நிறுவனம் பிறந்தது அதிலிருந்துதான். இந்த வகை ப்ரோப்பின் உள்ளே மூன்று கம்பிகள், ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் தாங்கியிருக்கும். ஆறு தொடர்பும் சீரிஸில் மூடியே இருக்கும், தொட்டால் பிரியும். அதாவது பிறவியிலேயே என்சி. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

ஒரே ப்ரோப் இன்புட்டில் இரண்டை மாட்ட வேண்டுமானால் என்சியும் என்சியும் சீரிஸில், என்ஓவும் என்ஓவும் பேரலலில். என்ஓ பிளேட்டையும் என்சி செட்டரையும் அப்படியே சேர்க்க முடியாது. $6 ஒன்றுதான், அது இரண்டு பேருக்கும் பொருந்தாது. கலப்பதற்கு ரிலே போடலாம், ஆனால் அறுந்து போக இன்னொரு இடத்தைக் கூட்டுகிறோம்.

என் மெஷினில் இப்போது மூன்று ஆக்ஸிஸிலும் பிஎன்பி என்சி, 24 வோல்ட் ஆப்டோ போர்டு, பிளஞ்சர் செட்டர். பிளேட்டையே வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள்: ஒவ்வொரு முறையும் ஜி38.2 கொடுப்பதற்கு முன் பிளேட்டைக் கையில் எடுத்து டூலில் தொட்டுவிட்டு, கேள்விக்குறி அனுப்பினால் வரும் நிலை வரியில் ப்ரோப் எழுத்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பிளேட்டைக் கீழே வைத்து இறக்குங்கள். வராவிட்டால் வயரை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் சால்டர் வைத்த இடத்தில்தான் போயிருக்கும்.