செல்வ வரியா, வாரிசு வரியா, இல்ல ஜிஎஸ்டியே போதுமா? நம்ம ராம்நாடு கரையில வச்சு ஒரு கணக்கு

ஏற்றத்தாழ்வ குறைக்க எது நியாயமான வரின்னு பேசுனா ஜிஎஸ்டிய முதல்லயே தள்ளிரலாம். போன் ரீசார்ஜுக்கு 18 சதவீதம், மண்டபம் ஊர் கடல்ல பாசி எடுக்குற அக்காவும் அதான் கட்டுறாங்க, நாலஞ்சு விசைப்படகு வச்சிருக்க முதலாளியும் அதான் கட்டுறாரு.

செல்வ வரி நமக்கு புதுசு இல்லங்க. (பஞ்சாயத்துல கட்டுற வீட்டு வரி வேற, இது மொத்த சொத்துக்கு வருஷா வருஷம் கட்டுறது.) இங்கிலாந்துலேர்ந்து வந்த பொருளாதார நிபுணர் கால்டார் சொல்லி 1957ல கொண்டு வந்தாங்க, 2015 பட்ஜெட்ல அப்ப நிதி அமைச்சரா இருந்த ஜெட்லி எடுத்துட்டாரு. கடைசியா 30 லட்சத்துக்கு மேல இருக்கறதுக்கு 1 சதவீதம், ஆனா 2013-14ல நாடு முழுக்க வந்ததே சுமார் 1008 கோடிதான், ஏன்னா ஷேர் கணக்குல வராது, விவசாய நிலம் வராது, மிச்சம் நகை, கார், டவுன் மனை, கூடுதலா இருக்க வீடுன்னுதான் நின்னுச்சு, அதுல நகைய எவன் உண்மையா காட்டப்போறான் சொல்லுங்க. ஒண்ணு மட்டும் சரியா வச்சிருந்தாங்க, உல்லாசத்துக்கு ஓட்டுற படகுக்கு வரி உண்டு, தொழிலுக்கு ஓடுற படகுக்கு கிடையாது. அது இல்லேன்னா ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் தடைக்காலத்துல ராமேஸ்வரத்துல படகு சும்மா கட்டிக் கிடக்கும், மதிப்பு பல லட்சம், கையில சல்லிக்காசு இருக்காது, வட்டிக்கு வாங்கித்தான் வரி கட்டணும்.

கீழக்கரை பக்கம் முஸ்லிம்கள் ஜகாத்னு கட்டாய தர்மம் குடுக்குறத பாத்தா அதுவும் ஒரு வகையில செல்வ வரிதான். 85 கிராம் தங்கம் அளவுக்கு சொத்து ஒரு வருஷம் கையில நின்னா 2.5 சதவீதம், குடியிருக்க வீடும் தொழில் சாமானும் விலக்கு, ஆனா ரொக்கம் வியாபாரச் சரக்கு எல்லாம் உள்ள வந்துரும். என்னக் கேட்டா சர்க்கார் சட்டத்த விட இது உருப்படியான கணக்கு. ஆனா அங்க காக்காமார் (முஸ்லிம் அண்ணன்மார்) படைச்சவனுக்கு பயந்து கணக்கு பாக்குறாங்க, ஆபீசருக்கு யாரு அப்படி பயப்படுவா?

அதனால என் ஓட்டு வாரிசு வரிக்குத்தான், அதாவது ஆள் செத்தப்புறம் விட்டுட்டுப் போற சொத்துக்கு ஒரு தடவ கட்டுறது. இதுவும் இங்க 1953லேர்ந்து 1985 வரைக்கும் இருந்துச்சு, உச்சத்துல 85 சதவீதம்! அவ்வளவு புடுங்குனா ட்ரஸ்டு, பினாமின்னு ஒதுக்கத்தான் செய்வான். ஜப்பான்ல இப்பவும் 55 சதவீதம் வரைக்கும் போகுது. நம்மளுக்கு அவ்வளவெல்லாம் வேணாம், 10 கோடிக்கு மேல போறதுக்கு மட்டும் 10 சதவீதம்னு வச்சா ரெண்டு படகு வச்சிருக்கவன், பனங்காடு வச்சிருக்கவன் யாரும் இதுக்குள்ள வர மாட்டான். வருஷா வருஷம் மதிப்பு போட்டு சண்டை போட வேண்டாம், எப்படியும் நிலத்துக்கு பட்டா பேர் மாத்த சர்க்கார்கிட்ட வந்துதானே ஆகணும், மகன் சம்பாதிச்சதும் இல்ல. தங்கம் இதுலயும் நழுவிரும்தான், இருந்தாலும் நிலமும் ஷேரும் நழுவாது, பெரிய காசு கிடக்கறது அதுலதான்.